தோள் பார்க்கும் கடற்கரை

ஆட்டு வியாபாரி கடற்கரை ஒரு கிடாயின் முன்சப்பையில், தோள் மூட்டில், கட்டைவிரலை அழுத்தியபடியேதான் பதில் சொன்னார். போன வருடம், எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தை. போன் பண்ணினால் எடுக்காத மனிதரை நேரில் பிடிக்க, ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி கொடுக்கும் பிரேமா கோவில்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். அவர் மகளைக் கைப் பயிற்சிக்கு ஏன் இரண்டு வருடமாகக் கூட்டி வரவில்லை என்று கேட்டாள்.

“வளர வளரச் சரியாயிரும் மேடம்.”

யார் சொன்னது என்றாள். எல்லாரும்தான் சொல்கிறார்கள் என்றார். அதற்குள் அவர் விரல் எதையோ கண்டுபிடித்துவிட்டது. “சப்பை எறங்கிக் கெடக்கு, வேண்டாம்வே” என்று கிடாயைத் தள்ளிவிட்டார். அது வளர வளரச் சரியாகாதா என்று பிரேமா கேட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கடற்கரையும் சிரித்தார்.

“ஆட்டையும் புள்ளையையும் ஒண்ணாச் சேக்காதீங்க மேடம். ஆட்டுக்கு வெல இருக்குல்லா.”

நாக்கைக் கடித்துக்கொள்ளவில்லை. அடுத்த ஆட்டைப் பிடித்தார்.

ஆடு பார்க்க இவரை மிஞ்ச ஆளில்லை என்று கடம்பூர் வரைக்கும் பேச்சு. தூரத்தில் வரும் ஆடு எந்தக் காலை ஊன்றத் தயங்குகிறது என்று சொல்லிவிடுவார். குட்டிக்குக் கழிச்சல் என்றால் பைக்கில் மடிமேல் வைத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் பறப்பார். சட்டைப் பையில் இரண்டு போன். இரண்டின் முகப்பிலும் கிடா.

மகள் தர்ஷினி பிறக்கும்போது தோள் மாட்டிக்கொண்டது. வெளியே எடுத்த இழுப்பில் கழுத்து நரம்பு காயப்பட்டு, வலக்கை துணிபோல் தொங்கியது. ஆறாம் மாதம் முழங்கை மடங்கியது. கடற்கரைக்கு அதுவே போதுமாயிருந்தது. மனைவி மாரித்தாய் தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிருந்த ஒருநாள், பிள்ளையை இவர்தான் பிரேமாவிடம் தூக்கி வந்தார். முழங்கையை விலாவோடு சேர்த்துப் பிடித்து, முன்கையைக் கதவு திறப்பதுபோல வெளியே திருப்ப வேண்டும் என்று பிரேமா காட்டினாள். அவரையும் செய்ய வைத்துப் பார்த்தாள். தினமும் செய்யாவிட்டால் தோள் உள்பக்கமாகவே இறுகிவிடும், எலும்பும் கோணலாக வளரும் என்றாள். வீட்டில் சொல்லிவிடுங்கள் என்றாள். தலையாட்டிவிட்டுப் போனார். வீட்டில் போய், கை சரியாகிவிட்டதாம் என்று சொன்னார்.

இப்போது தர்ஷினிக்கு நாலு வயது. ஒரு வாய் சோற்றுக்கு முழங்கை காதுவரை ஏறுகிறது. பக்கத்து இலைக்காரரை இடிக்கும் என்று கல்யாணப் பந்தியில் அவளை வலது ஓரத்து இலையில் உட்காரவைக்கிறார்கள். “எம்மவ ராணி மாதிரில்லா சாப்பிடுதா” என்று பந்தி முழுக்கச் சொல்லிக்கொண்டே நடப்பார் தகப்பனார்.

போன மாதம் அங்கன்வாடி டீச்சர் சத்தம் போட்ட பிறகு மாரித்தாயே பிள்ளையைக் கூட்டி வந்தாள். கடற்கரை பின்னாலேயே வந்தார். ஸ்கேனில் தோள்பந்து கிண்ணத்தைவிட்டுப் பின்னால் நழுவியிருந்தது. மதுரையில் ஆபரேஷன் செய்ய வேண்டும். இன்னும் தள்ளிப்போட்டால் கிண்ணமே தட்டையாகிவிடும் என்று சொல்லி பிரேமா மதுரை ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினாள்.

மாரித்தாய் கேட்டது ஒன்றுதான். “கைப்பிள்ளையிலேயே தொடர்ந்து வந்திருந்தா எதும் செஞ்சிருக்கலாமா மேடம்?”

பிரேமா வாய் திறப்பதற்குள், பிள்ளைக்கு பிஸ்கட் வாங்கிக் கொடு என்று கடற்கரை மனைவியை வெளியே அனுப்பினார். கதவைச் சாத்தினார். மதுரைச் சீட்டை எடுத்து நாலாக மடித்துத் தன் பையில் வைத்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

“மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன் மேடம். ஆனா அவ திரும்பி வந்து கேட்டா, ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதுன்னு நீங்க சொல்லிரணும்.”