தகடு எடுத்த கல்

வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள்தான். ஐம்பத்திரண்டு வயதிலும் சின்னவள். அக்காவும் அண்ணனும் கல்யாணம் முடித்துத் தனித்தனியே போய்விட, படுக்கையில் விழுந்த அம்மாவைப் பதினோரு வருஷம் புரட்டிப் போட்டுக் கழுவித் துடைத்தவள் அவள். அவளுக்கு வரன் வந்தபோதெல்லாம், "இவளும் போயிட்டா அம்மாவை யாரு பாக்கிறது?" என்று அண்ணன் கேட்பான். அவள் தலையாட்டிவிடுவாள். யார் எதைக் கேட்டாலும் தலையாட்டுவது அவள் சுபாவம். "இவகிட்ட ஒரு கிட்னி கேட்டுப் பாருங்க, ஒண்ணு போதுமான்னு கேப்பா" என்று வந்தவர்களிடம் அக்கா சொல்லிச் சிரிப்பாள். சின்னவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

அம்மா போனதும் வீடு மூத்தவர்கள் இருவருக்கும் என்று ஆனது. அம்மாவின் வைர மோதிரம் அக்காவுக்கு. பின்கட்டு அறையில் சின்னவள் உயிரோடு உள்ளவரை இருந்துகொள்ளலாம் என்று வாய்வார்த்தை. எட்டுக்குப் பத்து அறை, ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் கழிவுக் குழாய். அவளுக்கு அது போதும். அது மட்டும்தான் வேண்டும்.

மோதிரம் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "மோதிரமா இது? பூட்டு மாதிரி இருக்கு" என்று கடைத்தெருப் பட்டறையில் கொடுத்து, அடி திறந்த புது மோதிரத்தில் கல்லை மாற்றிப் பதித்து வாங்கி வந்தாள். பழையதில் கண்ணைப் பறித்த கல், புதியதில் துலக்காத பல் போல மஞ்சளாக உட்கார்ந்திருந்தது.

"பதினோரு வருஷம் இது யார் பீரோவுல இருந்துது?" என்றாள் அக்கா, கூடத்தின் நடுவில் நின்று. "நல்ல கல்லை வித்துட்டு ஏதோ கண்ணாடிச் சில்லை வெச்சிருக்கா."

இரண்டு நாள் சின்னவள் அழுதாள், சத்தியம் செய்தாள். மூன்றாம் நாள் அண்ணன் அவளைத் தனியே அழைத்தான்.

"எடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. அவ வாயை நான் அடைக்கிறேன். உன் அறையை யாரும் தொட மாட்டாங்க."

"நான் எடுக்கலியே அண்ணா."

"எனக்குத் தெரியாதா? சும்மா சொல்லு. நமக்குள்ளதானே? இல்லேன்னா அவ போலீசுக்குப் போவா. அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

சின்னவள் தலையாட்டினாள். அன்று சாயங்காலமே எல்லோர் முன்பும் "நான்தான் எடுத்தேன்" என்று சொன்னாள். பணம் எங்கே என்று கேட்டதற்கு, செலவாகிவிட்டது என்றாள். அதையும் அண்ணன்தான் சொல்லிக் கொடுத்திருந்தான்.

எட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமைக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது.

அப்போதுதான் அவளுக்குப் பட்டறை ஞாபகம் வந்தது. ஒருவேளை அங்கே கல் மாறியிருக்குமோ? கல் பதிப்பவர் முன்னால் நின்று, முந்தானையைக் கசக்கிக்கொண்டு கேட்டாள்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. கல்லு உங்ககிட்ட ஏதாச்சும் கைமாறி..."

"ஏம்மா, என்னைப் பாத்தா அப்படியா தெரியுது?" அவர் பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். இழுப்பறையிலிருந்து ஒரு மங்கலான கல்லை எடுத்து மேசையில் வைத்தார். அதன் அடியில் நகக்கண் அளவு வெள்ளித் தகட்டைச் செருகினார். கல் பளீரென்று எரிந்தது. "அடி மூடின பழைய மோதிரத்துல இப்படித்தான் தகடு வெச்சுப் பதிப்பாங்க. மினுக்கு எல்லாம் தகட்டோடது. கல்லு அதே கல்லுதான். உங்க அக்காகிட்ட அன்னைக்கே இதே மாதிரி செஞ்சு காட்டினேனே? திரும்பத் தகடு வெச்சு மூடித் தரட்டுமான்னும் கேட்டேன். வேணாம், இப்படியே இருக்கட்டும்னு வாங்கிட்டுப் போனாங்க."

சின்னவள் வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அக்காவும் அண்ணனும் கூடத்தில் இருந்தார்கள். மூச்சிரைக்கச் சொல்லி முடித்தாள்.

அக்கா கொஞ்சமும் அசையவில்லை. "அப்படின்னா ஏன் எடுத்தேன்னு சொன்னே?"

சின்னவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாதான்..."

"நான் என்ன உன் வாயைப் பிடிச்சா சொல்ல வெச்சேன்?" என்றான் அவன். "வீட்டை வாங்க ஆள் வந்தாச்சு. பின்கட்டுல ஒருத்தி உக்காந்திருந்தா எவன் வாங்குவான்? போறதைச் சத்தமில்லாம போ."

ஞாயிற்றுக்கிழமை அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"நில்லு" என்றாள் அக்கா. "திறந்து காட்டிட்டுப் போ. நாலு பேர் கேட்டா நான் பதில் சொல்லணும்ல?"

எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் தெருப்படியில் மண்டியிட்டுப் பெட்டியைத் திறந்தாள். அக்கா துணிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். புது மோதிரத்தின் கொக்கி ஒரு பழைய புடவையின் நூலில் மாட்டிக்கொண்டது. அக்கா வெடுக்கென்று இழுத்தாள்.

"மெதுவாக்கா, கல்லு விழுந்துடும்" என்று சின்னவளே அந்தக் கையைப் பிடித்து, குனிந்து, நூலைப் பல்லால் கடித்து விடுவித்தாள்.