கந்தகத்தின் முதல் குரல்

காலை 6.20. சென்னையிலிருந்து வந்த ரயில் என்னை விருதுநகரில் இறக்கிவிட்டுத் தெற்கே போனது. 2009, பங்குனி மாதம். அந்நேரத்துக்கே நடைமேடையில் புழுக்கம். வெளியே ஒரு டீ, மூன்று ரூபாய். பேருந்து நிலையம்வரை நடந்தேன். காரியாபட்டிக்காரனான எனக்கு இது தெரியாத ஊர் இல்லை. ஆனால் தோளில் கிடார் இல்லாமல் இங்கே இறங்கி வெகுகாலமாகிவிட்டது.

6.55. சிவகாசிப் பேருந்து, டிக்கெட் எட்டு ரூபாய். பக்கத்து இருக்கைக்காரர் என் பையைப் பார்த்தார்.

"சரக்கு எடுக்க வந்திருக்கீகளா?"

"இல்லண்ணே, ஒருத்தரைப் பார்க்கணும்."

"தீபாவளிக்கு இன்னும் எம்புட்டோ நாள் கெடக்கே, அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

ஆமத்தூர் தாண்டியதும் கருவேலங்காடு. நடுவே தள்ளித் தள்ளி நிற்கும் பட்டாசு ஆலைகளின் சிறிய அறைகள். நான் பார்க்கப்போனவர் பெயர் முத்துலட்சுமி. 2002இல் நாங்கள் நான்கு பேர் தொடங்கிய 'கந்தகம்' இசைக்குழுவின் முதல் பாடகி. நாங்கள் வாசித்தது சிம்பொனிக் மெட்டல்: இடிபோல டிரம்ஸ், உறுமும் கிடார், அவற்றின்மேல் வயலின் கூட்டத்தின் ஓசை, எல்லாவற்றுக்கும் மேலே உச்சத்தில் ஒரு பெண்குரல். வயலின் கூட்டத்துக்கு வழியில்லை. பிரபாகரின் கீபோர்டுதான் எங்களுக்கு நாற்பது வயலின். அவனுடைய அப்பாவின் சிவகாசி அச்சகக் காகிதக் கிடங்கில் பயிற்சி செய்வோம். காலண்டர் சீசன் வந்தால் காகிதக் கட்டுகள் கூரைவரை ஏறும், நாங்கள் ஒரு மூலைக்கு ஒடுங்குவோம். டிரம்ஸ் செல்லத்துரை. பெரிய டிரம்மை இரு காலாலும் அடிக்க அவன் வைத்திருந்த இரட்டை மிதிக்கட்டை லேத் பட்டறையில் செய்தது. முத்துலட்சுமியைக் கல்லூரி விழாவில் பக்திப்பாட்டுப் பாடியபோது கண்டெடுத்தோம். முதல் நாள் காதைப் பொத்திக்கொண்டு, "இதுக்கு எதுக்குண்ணே இம்புட்டுச் சத்தம்?" என்று கேட்டார். பிறகு எங்கள் ஆங்கிலப் பாட்டைப் பாடினார். அந்தச் சத்தத்தையெல்லாம் தாண்டிக் கேட்டது குரல்.

8.10. சிவகாசி. செல்லத்துரை ஆஃப்செட் இயந்திரம் ஓட்டும் அச்சகத்துக்குப் போனேன். கையில் மையைத் துடைத்தபடி வெளியே வந்தான்.

"என்னலே, இளைச்சுப்போயிட்ட! சாப்பிட்டியா?"

இட்லி சாப்பிட்டோம். பழைய ஆட்களை வைத்து மறுபடி தொடங்கலாம் என்று நினைப்பதாகச் சொன்னேன். அவன் தட்டிலிருந்து நிமிரவில்லை.

"நான் எதுக்குக் குழுவை விட்டுப் போனேன்னு நினைக்கிற?"

"இந்த வேலை கிடைச்சதுன்னுதான..."

"வேலை மூணு மாசம் கழிச்சுல்ல கிடைச்சது. அந்தப் பிள்ளை முத்துலட்சுமி அன்னைக்கு அழுதுக்கிட்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துச்சே, கூட நடந்தது நான்தான்லே. அதுக்குப் பெறகு அந்தக் கிடங்குக்கு வர மனசில்ல."

ஐந்து வருடமாக எனக்கு இது தெரியாது. கேட்டதும் இல்லை. முத்துலட்சுமி வேலை செய்யும் இடத்தை மட்டும் சொல்லிவிட்டு இயந்திரத்துக்குப் போய்விட்டான்.

10.30. வெம்பக்கோட்டைப் பேருந்து, ஐந்து ரூபாய். சாலையோரத்தில் ஒரு பட்டாசு கம்பெனியின் அலுவலகம். காவலாளி தீப்பெட்டி இருக்கிறதா என்று பையைத் துழாவிவிட்டு உள்ளே விட்டார். கதவுக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது அந்தக் குரல் கேட்டது. வடக்கே யாருக்கோ இந்தியில் ஆர்டர் உறுதி செய்தது. அடுத்த அழைப்பில் ஆங்கிலம். தெளிவான, தடங்கலில்லாத ஆங்கிலம். லோடு என்றைக்குக் கிளம்பும், எந்த லாரி என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

"வாங்கண்ணே" என்றார். முகத்தில் வியப்பு இருந்தது, கோபம் இல்லை. தண்ணீர் கொடுத்தார். நான் வளைத்து வளைத்துப் பேசினேன். அவரே விஷயத்துக்கு வந்தார்.

"அன்னைக்கு ரெண்டு பஸ் மாறி வந்தேன். கிடங்குல என் இடத்துல வேற ஒரு பொண்ணு பாடிக்கிட்டு நிக்கிது. நீங்க குனிஞ்சு கிடாரைத் துடைச்சுக்கிட்டே இருந்தீக. நிமிரவே இல்ல. ஏண்ணே?"

நடந்தது இதுதான். சென்னையில் ஒரு போட்டிக்கு ஒலிநாடா அனுப்பியிருந்தோம். குரல் நன்றாக இருக்கிறது, ஆங்கில உச்சரிப்புதான் சரியில்லை என்றார்கள். நான் சென்னையில் ஒரு பாடகியைப் பிடித்துவந்தேன். முத்துலட்சுமியிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை. தானாகப் புரிந்துகொள்வார் என்று விட்டுவிட்டேன். இப்போது அதைச் சொன்னேன்.

அவர் முன்னாலிருந்த ஆர்டர் நோட்டை மூடிவைத்தார்.

"இங்கிலீஷ்தானா? சொல்லியிருந்தா கத்துக்கிட்டிருப்பேனேண்ணே."

மேசைமீது தொலைபேசி அடித்தது. எடுக்கவில்லை. "இப்ப கந்தகத்துல யார் யாரு இருக்காக?" என்று கேட்டார்.

வரிசையாகச் சொன்னேன். போட்டியில் நாங்கள் முதல் சுற்றைத் தாண்டவில்லை. பிரபாகர் சிங்கப்பூர் போனான். சென்னைப் பாடகி திருமணமாகி விலகினார். அடுத்தவர் ஒரு வருடம்கூட நிற்கவில்லை. இப்போது இருப்பது நான்காவது பாடகி, நான்காவது டிரம்மர். எல்லோரும் சென்னை.

"நீங்க?"

"நானும் இல்ல. தை மாசம் எடுத்துட்டாங்க."

"நேர்ல சொன்னாகளா?"

"மெசேஜ்ல."

முத்துலட்சுமியின் முகம் உண்மையாகவே வாடியது. "அது தப்பாச்சேண்ணே" என்றார். அதைவிட அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

புதிய குழுவுக்குப் பாட வருவீர்களா என்று அதற்குப் பிறகும் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"நான் பாட்டை விடலண்ணே. கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கூப்பிட்டா மேடையில பாடுறேன், வீட்டுல பாடுறேன். ஆனா அந்தக் கிடங்குக்கு என்னால திரும்பி வர முடியாது. தப்பா எடுத்துக்காதீக."

"மன்னிச்சிரும்மா" என்றேன். தொலைபேசி மறுபடி அடித்தது. அதன்மேல் கையை வைத்தபடி, நான் சொல்லி முடிக்கும்வரை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிண்ணே. வெயில்ல அலையாம போங்க. பன்னெண்டு மணிக்கு பஸ் இருக்கு."

விருதுநகரில் மாலைவரை சும்மா திரிந்தேன். மறுநாள் காலை சென்னை. எங்கள் குடியிருப்பில் நான் கிடார் வாசிப்பேன் என்பதே பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. சிவகாசியில் காகிதக் கட்டுத் தூக்கும் ஆட்களுக்குக்கூட எங்கள் பாட்டெல்லாம் தெரியும்.

கணினியைத் திறந்து கந்தகத்தின் இணையப் பக்கத்தைப் பார்த்தேன். குழுவின் வரலாறும், வந்து போனவர்களின் பட்டியலும் அதில் உண்டு. எல்லாம் முன்பு நானே எழுதியது. பாடகிகளில் முதல் பெயராகச் சென்னைப் பெண்ணின் பெயர் இருக்கிறது. முத்துலட்சுமி என்ற பெயர் எங்குமே இல்லை.

திருத்துவதற்காகக் கடவுச்சொல்லைத் தட்டினேன். மூன்று முறை தட்டினேன். அதை மாற்றிவிட்டிருந்தார்கள்.