திகதி மாற்றப்பட்டுள்ளது

போன மாதம் ஸ்காபரோவின் மோர்னிங்சைட்டில் மரக்கறி வாங்கப் போனவன், கடைக் கண்ணாடியில் இருந்த ஒரு சுவரொட்டிக்கு முன்னால் நின்றுவிட்டேன். நகைச்சுவை இசைநாடகமாம், கிழக்கே அஜக்ஸ் நகரில். பளபளப்பான தாள். நடிகர்களின் முகங்களைவிட வீடு விற்கும் முகவர்களின் முகங்கள் பெரிதாக இருந்தன. நான் நின்றது அதற்காக அல்ல. திகதி இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் துண்டை ஒட்டிப் புதுத் திகதியைக் கையால் எழுதியிருந்தார்கள். துண்டின் ஒரு மூலை கிளம்பியிருந்தது. விரலால் தடவி அமர்த்திவிட்டேன், பழக்கதோஷம். கம் மணத்தது. அல்லது எனக்கு மட்டும்தான் மணத்ததோ தெரியாது. வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தால், மனைவி வாங்கச் சொன்ன கத்தரிக்காய் இல்லை.

கம் மணம் வந்தால் பின்னாலேயே சவர்க்கார மணமும் வந்துவிடும் எனக்கு. எண்பதுகளின் நடுவில் எங்கள் இசைநாடக மன்றம் ஒத்திகை பார்த்தது ரொறன்ரோ நகர் நடுவே ஒரு மாடிக் கட்டடத்தின் நிலக்கீழ் அறையில். பக்கத்து அறை உடுப்புத் தோய்க்கும் அறை. ஆர்மோனியத்தின் சுருதியோடு தோய்க்கும் மெஷின்களும் சேர்ந்து இரையும். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து சேர்ந்த இளந்தாரிகள்தான் அநேகம் பேர். கிழமை முழுவதும் தொழிற்சாலை எண்ணெயும் உணவகப் புகையுமாக மணக்கிற நாங்கள், ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை முடிந்து போகும்போது மட்டும் அயர்ன் பண்ணிய சட்டைபோல மணப்போம்.

கிருபை அண்ணைதான் மன்றத்தின் உயிர். பகலில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினார். கழுவியபடியே ஒரு முழு நாடகத்தை மனதுக்குள் கட்டிவிட்டார். பெயர் ‘கோப்பை கழுவிய கோமான்’. ரொறன்ரோவில் கோப்பை கழுவுகிற ஒருவன், தான்தான் ஹோட்டல் முதலாளி என்று ஊருக்குப் புளுகிக் கலியாணம் பேசுகிறான். பெண்ணின் தகப்பன் சொல்லாமல் கொள்ளாமல் விமானத்தில் வந்து இறங்குகிறார். குசினித் தோழர்கள் முதலாளியின் கோட்டை எடுத்து அவனுக்குப் போட்டுவிட்டு, கோப்பைகளைத் தட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பாடுகிறார்கள். வசனமே கிடையாது. தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்பதுகூடப் பாட்டுத்தான். கோமான் கிருபை அண்ணை. அந்தக் குரலைக் கேட்டால் உடுப்புத் தோய்க்க வந்த வெள்ளைக்காரக் கிழவிகள் கூடையோடு வாசலில் நின்றுவிடுவார்கள். மொழி விளங்காமலே சிரிப்பார்கள்.

எனக்கும் பாட ஆசை. முதல் நாள் ஒரு வரி பாடவிட்டார். கேட்டு முடித்துக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “தம்பி, உமக்கு நல்ல கையெழுத்து” என்றார். அப்படித்தான் நான் விளம்பரப் பொறுப்பாளன் ஆனேன்.

விளம்பரம் என்றால் இன்றைக்குப் போல இல்லை. கையால் எழுதி, மஞ்சள் தாளில் பிரதி எடுத்து, இருந்த ஒன்றிரண்டு தமிழ்க் கடைகளில் ஒட்டுவேன். படக் கசெற் வாடகைக்கு விடுகிற கடைக்காரரைக் கெஞ்சி, ஒவ்வொரு கசெற் பெட்டிக்குள்ளும் ஒரு துண்டுப் பிரசுரம் வைப்பேன். படம் பார்க்கத் திறக்கிறவர் எங்கள் முகத்தில்தான் முழிக்க வேண்டும். எல்லாவற்றையும்விட எடுபட்டது தொலைபேசி. நான் இலக்கத்தைச் சுழற்றி, இன்ன மன்றம் என்று சொல்லி, றிசீவரை அண்ணையிடம் கொடுப்பேன். அவர் வணக்கம்கூடச் சொல்லமாட்டார். நேரே குசினித் தோழர்களின் கோரஸ் பாட்டின் முதலடியைப் பாடுவார். அந்தப் பக்கம் முதலில் திகைப்பு, பிறகு சிரிப்பு, பிறகு “இஞ்சை வந்து கேளுங்கோ” என்று வீட்டில் உள்ளவர்களைக் கூப்பிடுகிற சத்தம். அந்தக் காலத்தில் தமிழ் வீட்டில் தொலைபேசி அடித்தால் நெஞ்சு திக்கென்னும். ஊரிலிருந்து வரும் செய்தி நல்லதாக இருந்ததில்லை. எங்கள் அழைப்பு வந்த வீடுகளில் மட்டும் கொஞ்ச நேரம் அப்படி இல்லாமல் இருந்தது. அந்தப் பெருமை எனக்கு இன்றைக்கும் உண்டு.

நாடகத்துக்குக் குறித்த முதல் திகதி நெருங்கியபோது ஊரில் ஒரு கிராமத்துச் சனத்தை ஆமி சுட்டுப்போட்டது என்று செய்தி வந்தது. மன்றத் தலைவர் கூட்டம் கூட்டினார். அவர் தலைவரானதற்குக் காரணம் எங்களில் அவரிடம் மட்டுமே கார் இருந்ததுதான். “அங்கை செத்தவீடு. இஞ்சை நாங்கள் சிரிக்கிறதோ?” என்றார். மறுக்கக் கூடிய கேள்வியா அது? நான் வெள்ளைத் துண்டு வெட்டி, ‘திகதி மாற்றப்பட்டுள்ளது’ என்று எழுதி, கடை கடையாகப் போய் ஒட்டினேன்.

அடுத்த திகதி வந்தது. அதற்கு முன்னால் அடுத்த சாவு வந்தது. அந்த வருடங்களில் ஊரில் சாவில்லாத கிழமை எது? துண்டின் மேல் துண்டு ஒட்டி, சுவரொட்டியில் திகதி இருந்த இடம் மட்டும் வீங்கிப்போயிற்று. கடைக்காரர் ஒருவர், “உது நாடகமோ, கலண்டரோ?” என்று கேட்டார். அண்ணையிடம் சொன்னேன். அவர் சிரித்தார். அப்போது அவருக்கு இன்னும் சிரிப்பு வந்தது.

ஒருமுறை நாடகத்துக்கென்று எடுத்த பாடசாலை மண்டபத்தை, ஒத்திவைத்த பிறகு, வீணாகப் போகக்கூடாதென்று தலைவர் தன் மகள் பெரியபிள்ளையானதற்கு வைத்த சாமத்தியவீட்டுக்கு எடுத்துக்கொண்டார். அதே மண்டபம், அதே சனிக்கிழமை. வீடியோ, பட்டுச்சேலை, பலகாரம், ஆடுவதற்குப் பைலாப் பாட்டு. இது மட்டும் ஆகுமோ என்று நான் தலைவரிடம் கேட்டேன். இது குடும்ப விசயம், அது பொது விசயம் என்று விளக்கம் சொன்னார். சாமியைக் கும்பிட்டு இரண்டு பக்திப் பாட்டுப் பாடச்சொல்லி அண்ணையையும் அழைத்திருந்தார். அண்ணை போகவில்லை. நான் போனேன். மண்டபக் கதவில் நான் ஒட்டிய மஞ்சள் தாள் இன்னும் இருந்தது. அதைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்ப் பலகாரம் சாப்பிட்டேன். தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். இறங்கியது, பசி.

அண்ணைக்கு ஊரில் ஒரே தம்பி. ஏதோ அலுவலாகக் கொழும்புக்கு வந்தவன், அங்கிருந்து ஒரு நாள் அழைத்திருக்கிறான். கொழும்பிலிருந்து அழைப்பதென்றால் காசு கரியாகும். அம்மாவின் சுகம், காணி, சீட்டு என்று கதைக்க எவ்வளவோ இருந்தும், அண்ணை கோரஸ் பாட்டை முழுவதுமாகப் பாடிக் காட்டினாராம். தம்பி அந்தப் பக்கம் மேசையில் தாளம் போட்டானாம். சிரித்தபடியே வைத்துவிட்டானாம். தோய்க்கும் அறையின் வாசலில் நின்று எனக்கு இதைச் சொன்னபோது அண்ணையின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

எண்பத்தேழில், ஊருக்குத் திரும்பிய அந்தத் தம்பி ஷெல் விழுந்து செத்துப்போனான்.

அண்ணை வேறு பெடியளோடு இருந்த அறையில் நாங்கள் எல்லாரும் போய் நிலத்தில் இருந்தோம். எங்கள் நாடகத்துக்கு அப்போதும் ஒரு திகதி இருந்தது. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு வருசம் போய் ஆட்டைத்திவசம் முடியட்டும், பிறகு பார்ப்போம் என்றார். கிருபை அண்ணை அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், திரும்பினார்.

“ஒத்திவைக்க வேண்டாம். நான் பாடுறன்.”

தலைவர் குரலைத் தாழ்த்தி, சனம் என்ன கதைக்கும் என்று கேட்டார்.

“செத்தது என்ரை தம்பி. அவன் கடைசியாச் சிரிச்சது இந்தப் பாட்டுக்கு. நான் பாடுறன் எண்டுறன். உங்களுக்கு ஏன் நோகுது?”

நான் அண்ணையின் பக்கம் பேசினேன். தபேலாக்காரப் பெடியனும் பேசினான். பாடத் தெரியாதவன் பேச்சு எங்கே எடுபடும்? துக்கத்தில் கிருபைக்குப் புத்தி பேதலித்துப்போயிற்று என்று தலைவர் மற்றவர்களுக்கு விளங்கப்படுத்தினார். மன்றத்தின் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்றார். அண்ணையின் தோளில் கைவைத்து, அண்ணைக்கும் சேர்த்துத் தானே அழுதார். தம்பியைப் பறிகொடுத்தவனுக்குத் தன் துக்கத்தை எப்படிக் கொண்டாடுவது என்று சொல்லிக்கொடுக்கிற அந்தக் கையை எனக்கு இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

அந்தமுறை துண்டு ஒட்ட நான் போகவில்லை. சுவரொட்டிகளையே கிழித்துக்கொண்டு வந்தேன். அண்ணை அதற்குப் பிறகு ஒத்திகைக்கு வரவில்லை. ஆண்டு திரும்பியதும் தலைவர் ஆள் அனுப்பினார். அண்ணை கதவைத் திறந்து, தேத்தண்ணி கொடுத்து, பாட்டை மறந்துவிட்டேன் என்று சொல்லி அனுப்பினாராம். கோரஸ்காரர் ஒவ்வொருவராக வேலை, கலியாணம், வீடு என்று ஸ்காபரோவுக்கும் அதற்கு அப்பாலும் போனார்கள். அந்தப் பாட்டு ஒருநாளும் மேடை ஏறவில்லை. கேட்டவர்கள் உடுப்புத் தோய்க்க வந்த கிழவிகளும், தொலைபேசியில் சிரித்த சில வீட்டுக்காரர்களும், செத்துப்போன ஒரு தம்பியும்தான். அண்ணை இரண்டு குளிர்காலங்களுக்கு முன் காலமானார்.

மோர்னிங்சைட்டில் சுவரொட்டி பார்த்த நாடகத்துக்குப் போனேன். மண்டபத்தில் ஹீற்றர் பழுதானதால்தான் திகதி மாறியதாம். முன்வரிசையில் சக்கர நாற்காலியில் எங்கள் பழைய தலைவர், பிரதம விருந்தினர். ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள். நடுங்கிய குரலில், போரில் மாண்டவர்களுக்கும், “பல மேடைகள் கண்ட எங்கடை அருமைக் கலைஞர் கிருபைக்கும்” ஒரு நிமிட மௌன அஞ்சலி என்றார்.

மண்டபம் எழுந்து நின்றது. நானும் எழுந்தேன். அந்த ஒரு நிமிடத்துக்குள் கோரஸ் பாட்டை மனதுக்குள் பாடிவிட வேண்டும் என்று பார்த்தேன். முதலடி வந்தது, தொலைபேசியில் பாடுவாரே, அது. இரண்டாவது அடி வரவில்லை. என்னவென்று கேட்பதற்கு ஒருவரும் இல்லை. அதற்குள் நன்றி, அமருங்கள் என்றார்கள். சொன்ன நேரத்துக்குத் திரை விலகியது. எல்லாரும் சிரிக்கத் தொடங்கினார்கள்.