பக்கத்து வீட்டு ஸ்பீக்கரின் ரப்பர் செருப்பு

தங்கைக்குத் திங்கட்கிழமை ஏ.எல். இரசாயனவியல் பரீட்சை. பக்கத்து வீட்டு அண்ணையின் புது ஸ்பீக்கரால் எங்கள் யன்னல் கண்ணாடி ஒரு மாதமாக நடுங்குகிறது. இன்று சண்டைக்குப் போனேன்.

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே கூப்பிட்டார். ஸ்பீக்கருக்குக் கீழே புதிதாக ரப்பர் கால்கள்.

"உனக்காகத்தான்ரா வாங்கினனான். இனி அதிர்வு நிலத்துக்கு இறங்காது. பாட்டும் துல்லியமாக் கேக்கும்."

"சத்தத்தைக் குறைக்கலாமே அண்ணை?"

"குறைச்சால் பிறகென்னத்துக்கு உந்த ஸ்பீக்கர்?"

ஆட்டோ ஓட்டும் பெடியன் இப்படிப் பாட்டுப் போட்டால் ஊருக்கு அது காவாலித்தனம். மாடி வீட்டில் போட்டால் ரசனை.

வீட்டுக்கு வந்தேன். யன்னல் உண்மையாகவே அமைதியாக இருந்தது. தங்கைதான் அழும் நிலையில் இருந்தாள்.

"முந்தி டும் டும் எண்டு மட்டும் கேட்டது, பழகிட்டன். இப்ப ஒவ்வொரு சொல்லும் விளங்குது. பென்சீனைப் பாடமாக்கினால் பல்லவிதான் வருது."

திரும்பப் போய், "அண்ணை, உந்த ரப்பரைக் கழட்டுங்கோ. பாட்டு எங்கடை வீட்டிலை நல்லாத் தெளிவாக் கேக்குது" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "வித்தியாசம் தெரியுதோ? என்ரை மனிசி நம்பிறாளில்லை. காசைக் கரியாக்கிப்போட்டனாம். ஒருக்கா வந்து அவளிட்டைச் சொல்லு."

"சோதினை முடியுமட்டும் பாட்டை நிப்பாட்டுங்கோ. சொல்லுறன்."

போய்ச் சொன்னேன். அவருடைய மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தார். இப்போது தங்கை நிம்மதியாகப் படிக்கிறாள்.

நான் பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அருமையாகத்தான் கேட்டது. ஸ்பீக்கர் இருக்கும் வீட்டிலும் ஏதாவது வித்தியாசம் தெரியுமா என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். அந்த அக்கா கேட்கிறார்.