மாமாவின் செருப்புக்கு ஒரு கவர்

இன்று விழுப்புரத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் குடும்பத்தோடு திருவண்ணாமலை போனோம். கோயில் கூட்டம் வேண்டாம், மலையடிவாரக் காட்டில் நடந்துவிட்டு வரலாம் என்று திட்டம்.

காட்டுப் பாதை தொடங்கியதுமே மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், எங்களை நிறுத்தினார்.

"மலையே சாமி. எல்லாரும் செருப்பக் கழட்டிக் கைல எடுத்துக்கோங்க."

கழற்றினோம். அக்கா மகள் காலில் முள் ஏறியது.

"பக்தி இருந்தா குத்தாது" என்றார்.

மரத்தடியில் புளியோதரை சாப்பிட்டோம். எச்சில் இலைகளை ஊருக்கே எடுத்துப் போய்விட ஒரு கவரில் கட்டி வைத்தேன். கை கழுவி வருவதற்குள் மாமா அதைப் புதரில் கொட்டிவிட்டு, கவருக்குள் தன் செருப்பைத் திணித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா, சாமி மேலயே கொட்டிட்டீங்க?"

"பௌர்ணமிக்கு ஊரே வந்து கொட்டுது. நம்மளுதுதான் ஜாஸ்தியா?"

ஸ்டேஷனில் செருப்பை மாட்டக் கவரைப் பிரித்தவர் முகத்தைச் சுளித்தார்.

"ஒரே எண்ணெய்! கவர சுத்தமா வெச்சிருக்கக் கூடாதா?"

சாமி மேல் செருப்பு படக்கூடாதாம், எச்சில் இலை படலாமாம். ஆனால் அந்தச் செருப்பின் மேல் மட்டும் எதுவும் பட்டுவிடக் கூடாது.

இப்படி ஒரு பக்திமான் உங்கள் வீட்டிலும் இருந்தால் சொல்லுங்கள். இருவரையும் ஒரே ரயிலில் ஏற்றிவிடலாம், திரும்பி வர டிக்கெட் எடுக்காமல்.