பத்து மடங்கு சாயம்

சோதனைக்கூடத்தில் அவளுக்குச் 'சொட்டு' என்று பட்டப்பெயர். பிப்பெட் என்ற உறிஞ்சு குழாயில் ஒரு சொட்டு கூடாமல் குறையாமல் எடுப்பவள். டிஎன்ஏ இழையில் ஒட்டியதும் ஒளிரும் சாயத்தைக் கலந்து, வெளிச்சத்தை ஒளிமானியில் அளந்து, இழை எவ்வளவு இருக்கிறது என்று எழுதுவது பதினெட்டு வருடமாக அவள் வேலை. அவள் எழுதியதை யாரும் மறுத்ததில்லை. அதுவே அவளைக் கெடுத்தது என்று நினைக்கிறேன்.

ரத்தத்திலிருந்து டிஎன்ஏவைப் பிரித்துத் தருபவள் பக்கத்து அறை அக்கா. மதியச் சாப்பாடு இருவருக்கும் ஒரே மேசையில். ஒரு வாரம் அக்கா கொடுத்த மாதிரிகள் எல்லாமே மங்கலாகத் தெரிந்தன. சாயம் போதவில்லை என்று சொட்டு இன்னும் கொஞ்சம் விட்டாள். ஒளி இன்னும் மங்கியது.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் சோதனைக்கூடத் தலைவரான சார் காரணம் கேட்டார். "அக்கா கை முன்ன மாதிரி இல்ல சார்" என்றாள் சொட்டு. மறுநாளே அக்காவைக் கண்ணாடிக் குழாய் கழுவும் வேலைக்கு மாற்றினார்கள்.

அடுத்து வந்தவரின் மாதிரிகளும் மங்கின. அப்போதுதான் சொட்டு, மங்கல் தொடங்கிய வாரம் வந்த புதிய சாயப் பெட்டியிலிருந்த தாளைப் பிரித்துப் படித்தாள். இது பழையதைவிடப் பத்து மடங்கு அடர்த்தி. அதிகம் விட்டால் சாய மூலக்கூறுகள் இழையில் நெருக்கியடித்து உட்கார்ந்து, ஒன்றன் ஒளியை மற்றொன்று வெளியே விடாமல் அணைத்துவிடும். குளிர்பெட்டியில் மிச்சமிருந்த அக்காவின் மாதிரியை எடுத்தாள். பத்தில் ஒரு பங்கு சாயம் விட்டாள். பளிச்சென்று ஒளிர்ந்தது. அவளுக்குக் காது மடல் சுட்டது.

கழுவுதொட்டிக்குப் போனாள்.

"அக்கா, ஒரு விஷயம்..."

"சொல்லு. கையிலதான் சோப்பு, காது சும்மாதான் இருக்கு."

"உங்க மாதிரில குறை இல்ல. நான்தான் சாயத்த அள்ளிக் கொட்டிட்டேன்."

அக்கா குழாயைக் கவிழ்த்து வைத்தாள். "உனக்குச் சொட்டுன்னு பேர் வச்ச மகராசன் யாரு? கொஞ்சம் கூப்பிடு."

சொட்டு தலை நிமிரவில்லை. "மன்னிச்சிருங்கக்கா."

"என்கிட்ட சொன்னா உன் மனசு லேசாயிரும். எனக்கு? அத்தன பேர் முன்னாடிதானே என் கையக் குறை சொன்ன? அங்க போய்ச் சொல்லு."

அடுத்த திங்கட்கிழமை சொன்னாள். அவளைப் பாராட்ட ஒன்றே ஒன்று உண்டு: 'சாயம் மாறிவிட்டது' என்று சொல்லவில்லை. "நான் தாளைப் படிக்கல சார்" என்றாள்.

"அட, இவ்வளவுதானா!" என்று சார் அடுத்த விஷயத்துக்குப் போனார். அது திட்டைவிட மோசமாக இருந்தது.

அன்றே அக்கா தன் பழைய அறைக்குத் திரும்பினாள். மதியம் மட்டும் ஜன்னலோர மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். சொட்டு தன் டப்பாவைத் திறந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடினாள்.