சரோஜாவின் கூடுகளை வெயிலில் போட்ட நாள்

சரோஜா போய்விட்டாள். இன்று காலை அவள் மகள் போன் செய்து சொன்னாள்.

மூப்பு ஏன் வருகிறது என்று ஆராய்ந்த விஞ்ஞானி என்றுதான் உங்களில் பலருக்கு அவளைத் தெரியும். எனக்கு அவள் பக்கத்து மேஜைக்காரி. எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் ஒரு காலேஜில் இரண்டு பேரும் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர்கள்.

ஊரே பட்டு ஊர். ஆனால் பட்டுப்புழுவைப் பார்த்தவர்கள் குறைவு, இங்கே நூலாகத்தான் வந்து இறங்கும். இவள் மட்டும் மைசூர் பக்கம், பட்டுப்புழு வளர்க்கிற கொள்ளேகாலம் போய் உயிருள்ள கூடுகளை டிபன் கேரியரில் வைத்துக் கொண்டுவருவாள். பஸ்ஸில் யாராவது "இன்னாம்மா டிபனு?" என்று கேட்டால், சிரிக்காமல் "கொழுக்கட்டை" என்பாள்!

பட்டுப்பூச்சிக்குச் சாப்பிட வாய் கிடையாது. கூட்டைத் துளைத்து வெளியே வரும், முட்டையிடும், சில நாளில் செத்துப்போகும்.

சரோஜா கூட்டைக் கீறி, உள்ளே தூங்கும் கூட்டுப்புழுவின் மூளையை மட்டும் எடுத்துவிட்டு, மெழுகால் அடைத்து, திரும்பக் கூட்டுக்குள்ளேயே வைத்து, கீறல் தெரியாமல் ஒட்டிவிடுவாள். அது பூச்சியாகாது. மாதக்கணக்கில் அப்படியே உயிரோடு கிடக்கும்...

"மூளையிலேர்ந்து ஏதோ ஒண்ணு சுரந்து, கெளம்புன்னு சொல்லுதுடி. அது இன்னான்னு கண்டுபிடிக்காம வுட மாட்டேன்" என்பாள். இன்று நியூரோபெப்டைட் என்கிறார்கள். அன்று மூளை ஹார்மோன் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வோம்.

அந்தக் கோடையில் அவளுடைய ஃபெலோஷிப் முடிகிற நேரம். மெட்ராஸுக்கு என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே அவளுடைய ஆராய்ச்சி கைடு கறாராகச் சொல்லிவிட்டார்: "அடுத்த வாரம் நானே வரேன். மூளையில்லாம அது உயிரோட இருக்கறதக் காட்டு. இல்லேன்னா ஃபெலோஷிப்பை மறந்துடு."

வீட்டில் மாப்பிள்ளை வேறு ரெடி. வேலையை விட வேண்டும் என்ற கண்டிஷனோடு.

காலேஜ் லேப் தகரக் கூரை, அடுப்பாகக் கொதிக்கும். அதனால் கூடுகளை அவள் குடியிருந்த வீட்டின் பின்னறையில், ஈரச் சாக்குக்கு நடுவே முறத்தில் வைத்திருந்தாள்.

சாயங்காலம் திரும்பினால்... முறம் காலி.

வீட்டுக்காரர் ஏகாம்பரம் பட்டுநூல் வியாபாரி. கொள்முதலுக்குக் கொள்ளேகாலம் போய் வருகிறவர். பெருமையாக மாடியைக் காட்டினார்.

"ஒரு பூச்சி தொளச்சிக்கினு வெளிய வந்துச்சும்மா. அப்பிடியே வுட்டா அல்லாக் கூடும் ஓட்டையாயி வீணாப்பூடும். நல்ல வேள, நான் பாத்தேன். மீதிய வெயில்ல போட்டுக் காப்பாத்திட்டேன்!"

சித்திரை வெயில். நூல் அறாமல் இருக்க, உள்ளே இருக்கிற புழுவைக் கொல்வதற்குச் செய்கிற வழி அது. வெளியே வந்தது, ஒப்பிட்டுப் பார்க்க மூளை எடுக்காமல் விட்டிருந்த பூச்சி. மற்றவை வரவே வராது என்று பாவம், அவருக்கு எப்படித் தெரியும்?

இப்போது பாவம் என்கிறேன். அன்று "அறிவிருக்குதா உங்களுக்கு?" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

சரோஜா மாடிக்கு ஓடினாள். கூட்டைத் திறந்து, புழுவை ப்ரஷ் நுனியால் தொட்டாள். உயிரிருந்தால் வால் பக்கம் நெளியும்.

"அசையுதா?" என்றேன். தலையாட்டினாள், இல்லை என்று. அடுத்தது. இல்லை. அதற்கடுத்தது...

விஷயம் புரிந்ததும் ஏகாம்பரம் முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்தில் குந்திக்கொண்டு அவரும் ஆரம்பித்துவிட்டார். "அசையுதாம்மா? இது அசையுதா?"

கைப்பிடிச் சுவரின் நிழல் விழுந்த மூலைக்கு வந்தோம். சரோஜா ப்ரஷ்ஷை வைத்தாள். வைத்தபடியே இருந்தாள்.

நெளிந்தது.

அப்போதுதான் அழுதாள். அவரும் அழுதுகொண்டே தோள் துண்டை நனைத்துக்கொண்டு வர ஓடினார்.

அந்த மூலையில் இருந்தவை பிழைத்தன. கைடு வந்து பார்த்தார், ஃபெலோஷிப் நீண்டது. மாப்பிள்ளை வேறு இடம் பார்த்துக்கொண்டார், சந்தோஷம்.

வீட்டை மாற்று என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டும் அவள் மாற்றவில்லை. "அவரு காப்பாத்தத்தானடி பாத்தாரு" என்றாள். எனக்கு ஆறவே இல்லை.

நேற்று அவள் மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடியோ காலில் காட்டினாள். சரோஜா கண் திறக்கவில்லை. மகள் அவள் உள்ளங்காலை விரலால் மெல்ல வருடினாள்.

"அசையுதா?" என் வாயில் தானாக வந்துவிட்டது.

"கட்டை விரல் அசையுது, ஆன்ட்டி."

இன்று காலை போன் வந்தபோது அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை.

போயிட்டு வாடி, சரோஜா...